மாத்திரை வாங்க வரும் நாளிலேயே புற்றுநோய்ச் சோதனையும் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் மாதம் உங்கள் நாளிதழில் வந்த இரண்டு கட்டுரைகளை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று 10-ஆம் தேதி உலக மனநல நாளையொட்டி வந்தது. இன்னொன்று மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்துக்காகப் பெண்கள் பக்கத்தில் வந்தது. இரண்டும் நன்றாக எழுதப்பட்டிருந்தன. எங்கள் தெருப் பெண்கள் சிலருக்கு வாசித்தும் காட்டினேன். ஆனால் இரண்டு கட்டுரைகளிலும் விட்டுப்போன ஓர் ஆள் உண்டு. மனநோய்க்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு வரும் பெண்ணுக்கும் மார்பில் கட்டி வரலாம், கருப்பை வாயில் புற்று வரலாம். அவளை யார் கூப்பிட்டுச் சோதிக்கிறார்கள்? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் பெங்களூரு நீலசந்திரா பக்கம் ஆஷா பணியாளராக, அதாவது வீடு வீடாகப் போகும் அரசின் சுகாதாரப் பணியாளராக இருக்கிறேன். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன். எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் கன்னடம், அதற்கடுத்த வீட்டில் உருது. மூன்றிலும் பேசி, கன்னடத்தில் படிவம் நிரப்புவோம். 30 வயது நிறைந்த எல்லோருக்கும் ஒரு படிவம் உண்டு. வயது என்ன, புகையிலை உண்டா, குடி உண்டா, இடுப்பளவு எவ்வளவு, உடலுழைப்பு எப்படி, வீட்டில் யாருக்காவது சர்க்கரை, பி.பி. இருக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போட வேண்டும். நான்கைத் தாண்டினால் அவர்களை முதலில் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் அறிகுறிகள். வாயில் ஆறாத புண் இருக்கிறதா, மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா, மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் படுகிறதா? அதே படிவத்தில் மனதைப் பற்றியும் இரண்டு கேள்விகள் உண்டு: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா என்று. ஆக, அரசாங்கத்தின் படிவத்திலேயே மனமும் உடம்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. களத்தில்தான் பிரிந்து போகின்றன.

எப்படிப் பிரிகின்றன என்பதை நான் வாசற்படியில் நின்று பார்க்கிறேன். "முப்பது வயசுக்கு மேல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டால், "நாலு பேருங்க" என்பார்கள். உள்ளே பின்னறையில் ஐந்தாவதாக ஒருவர் படுத்திருப்பார். விசாரித்தால், "அவளுக்கு உடம்பு சரியில்லைங்க அக்கா, அவள விட்டுடுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபது வருஷமாக அவளுக்குச் சோறு போட்டு, மருந்து வாங்கிக் கொடுத்து, ராத்திரி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். வீட்டில் கல்யாணத்துக்கு இன்னொரு பெண் இருக்கும். வாடகை வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தால் காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயம் இருக்கும். அதனால் கணக்கில் அவளைச் சொல்வதில்லை. சர்வே எடுக்கப் போகிறவர்களும் ஒரு நாளில் பல வீடுகள் முடிக்க வேண்டியிருப்பதால், சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட வாய்ப்பு அதிகம்.

சரி, பெயர் எழுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது முகாம். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். பதினொன்றோடு டோக்கன் கொடுப்பது நின்றுவிடும். மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல, ராத்திரி சாப்பிட்டால் காலையில் தலையைத் தூக்க விடாது. ஓலன்சபின் சாப்பிடுபவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், பத்து மணிக்கு முன்னால் எழுந்து குளித்துக் கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள். எப்படியோ எழுப்பிக் கூட்டி வந்தாலும், அங்கே வரிசையில் நிற்க வேண்டும். மைக்கில் நம்பர் கூப்பிடுவார்கள். யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், தன்னையே பார்க்கிறார்கள் என்ற பயத்தோடு வாழ்கிற ஒருத்தியை அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நிற்கவைத்து, பிறகு ஒரு திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, "சீக்கிரம் ரவிக்கையைக் கழற்றும்மா" என்றால் அவள் என்ன செய்வாள்? எழுந்து போய்விடுவாள். "ஒத்துழைக்கவில்லை" என்று பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒத்துழைக்க முடிகிற மாதிரி அவளுக்கு எதையும் நாம் அமைத்துக் கொடுக்கவில்லை.

எங்கள் பகுதியில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடும் அவர் தம்பியின் சம்மதத்தோடும்தான் இதை எழுதுகிறேன். ஐம்பது வயது ஆகவில்லை. மனச்சிதைவு நோய்க்குப் பல வருஷமாக மருந்து எடுத்துக்கொள்கிறார். தம்பி ஆட்டோ ஓட்டுகிறார். மாதம் தவறாமல் அக்காவைக் கூட்டிப் போய் மாத்திரை வாங்கி வருவார். ஒரு சமயம் அக்காவின் நைட்டி ஒரு பக்கம் ஈரமாக இருப்பதைத் தம்பி மனைவி பார்த்தாள். அடுத்த முறை போனபோது சொல்லியிருக்கிறார்கள். "இந்த மாத்திரைக்கு அப்படி வரும், பயப்படாதீங்க" என்று பதில் கிடைத்திருக்கிறது. எந்த இடம் என்று நான் எழுதப் போவதில்லை. இந்த மாதிரி பதிலை வேறு குடும்பங்களும் கேட்டிருக்கின்றன. அக்காவும் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார், "நெஞ்சுக்குள்ள ஏதோ இருந்து கடிக்குது" என்று. அது நோயின் பேச்சு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். டோஸ் கூட்டினார்கள். துணியை விலக்கி யாரும் பார்க்கவில்லை. கட்டி வெளியே தெரிந்து, தோல் உள்ளிழுத்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அக்குளுக்குப் பரவியிருந்தது.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நர்சிங் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மருந்துகள் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். அதனால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றுகூடப் போகும்; மார்பில் பால் மாதிரி கசியும். அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், வெள்ளையாக இருக்கும். அக்காவுக்கு ஒரு பக்கம் மட்டும் வந்தது, ரத்த நிறத்தில் வந்தது. எந்தப் பக்கம், என்ன நிறம், கட்டி உண்டா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் போதும். மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்குக் கோளாறும் மார்புக் கசிவும் ஏற்கெனவே இருப்பதால், புற்றுநோயின் அறிகுறி வந்தாலும் அதுவும் மாத்திரைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பின்லாந்து நாட்டில் மனச்சிதைவு உள்ள பெண்களின் பதிவுகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், புரோலாக்டினைக் கூட்டும் மருந்துகளை ஐந்து வருஷமோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், அதனால் உயிரே போகலாம். மருந்து தொடர வேண்டும், கூடவே மார்பையும் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அக்காவுக்குப் புற்றுநோய்க்கான கீமோ மருந்து தொடங்கியபோது, "இவங்க ஒழுங்கா வருவாங்களா, ஊசி போட விடுவாங்களா?" என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். அக்கா ஒரு தடவைகூடத் தவறவில்லை. நர்ஸ் வந்ததும் தானே கையை நீட்டுவார். அங்கே ஒரே நர்ஸ் தொடர்ந்து வந்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், என்ன செய்யப்போகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

இது எங்கள் ஒரு தெருவின் கதை என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2020-இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் ஒரு பெரிய அலசல் வந்திருக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, மொத்தம் 47 லட்சம் பேருடைய விவரங்களைப் பார்த்திருக்கிறார்கள். அதில் மனநோய் உள்ளவர்கள் 5 லட்சம் பேர். மற்றவர்களோடு ஒப்பிட்டால், மனநோய் உள்ளவர்கள் புற்றுநோய்ச் சோதனை செய்துகொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைவு. மார்பகச் சோதனையில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இவற்றில் பெரும்பாலானவை சோதனைக்குக் கடிதம் அனுப்பி வீட்டிலிருந்து அழைக்கிற பணக்கார நாடுகளின் கணக்கு. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை இதயம், சர்க்கரை, நுரையீரல், புற்று என்று உடம்பின் நோய்களால் வருபவை.

நம் நாட்டில் மனநோய் இல்லாதவர்களே சோதனைக்குப் போவதில்லையே, இவர்களுக்கு மட்டும் தனியாக எதற்கு என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ச் சோதனை எப்போதாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மார்பு, வாய்ச் சோதனை நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மற்றப் பெண்களை வீடு வீடாகத் தேடிப் பிடிக்க வேண்டும். மனநல மருந்து சாப்பிடுபவரோ மாதாமாதம் தானாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார். காத்திருக்கிறார், பெயர் பதிகிறார், மருத்துவரைப் பார்க்கிறார், மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார். அவ்வளவு தூரம் வந்த ஒருவரை வாயைத் திறந்து காட்டச் சொல்லக்கூட யாரும் இல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது சரியா?

சோதனைகள் ஒன்றும் பெரிய இயந்திரம் கேட்பவை இல்லை. வாய்க்கு ஒரு டார்ச் வெளிச்சம் போதும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் சரியாகத் திறக்க முடியாமை ஆகியவற்றைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். மார்பைப் பயிற்சி பெற்ற கை தடவிப் பார்க்க வேண்டும். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்து, ஒரு நிமிஷம் கழித்து வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்தச் சோதனையைச் செய்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், பத்தாவது படித்த பெண்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்துச் சோதிக்க வைத்தார்கள். அங்கும் சாவு 31 சதவீதம் குறைந்தது. பத்தாவது படித்த என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு தைரியம் தரும் செய்தி! திருவனந்தபுரத்தில் நடந்த வாய்ச் சோதனை ஆய்விலும், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது.

வாய்ச் சோதனை என்றதும் ஆண்களைச் சொல்ல வேண்டும். மனநோய் உள்ள ஆண்களில் பலர் பீடியை விடமாட்டார்கள். சிலர் புகையிலையை நாள் முழுக்க அடக்கி வைத்திருப்பார்கள். "அதாவது இருக்கட்டும், அதுதான் அவனை அமைதியா வைக்குது" என்று வீட்டிலேயே வாங்கிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு வாயைப் பார்ப்பது ரொம்ப அவசியம். ஆனால் சோதனை என்றாலே பெண்கள் சமாச்சாரம் என்று அவர்களை யாரும் கூப்பிடுவதே இல்லை.

கருப்பை வாய்ச் சோதனை மட்டும் கொஞ்சம் வேறு. உள்ளே கருவி வைத்துப் பார்ப்பது எந்தப் பெண்ணுக்கும் கூச்சம்தான். மனநோய் உள்ள பெண்களில் பலர் வெளியே சொல்ல முடியாத கொடுமைகளை அனுபவித்திருக்கிறார்கள். அவர்களை முதல் நாளே மேசையில் படுக்கச் சொல்லக் கூடாது. முதல் முறை வரும்போது பேச வேண்டும், கருவியைக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே நிறுத்துவோம் என்று சொல்லி, அப்படியே நடக்கவும் வேண்டும். அடுத்த மாதமும் வரத்தானே போகிறார், அவசரம் என்ன? கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடிக்க, பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. சோதனையையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. அரசு அதைக் கொண்டுவரும்போது முதலில் மனநலப் பிரிவுகளுக்குக் கொடுங்கள்.

கர்நாடகத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. மனோசைதன்யா திட்டத்தில் செவ்வாய்க்கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மனநல மருத்துவர் வருகிறார். அதே கட்டடத்தில் பெண்கள் மருத்துவப் பிரிவும் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸையும், திரை போட்ட ஓர் அறையையும் ஒதுக்கினால் போதும். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன; இரண்டுமே நாடு மதிக்கும் நிறுவனங்கள். வார்டுகளில் 'நம்ம கிளினிக்' என்ற அரசின் சிறு மருத்துவ நிலையங்கள் வந்துவிட்டன. மனநல மருந்துச் சீட்டு எழுதும் எல்லா இடத்திலும், அந்தச் சீட்டிலேயே "வாய், மார்பு, கருப்பை வாய்: கடைசியாகச் சோதித்த தேதி" என்று ஒரு வரி அச்சடிக்கச் சொல்லுங்கள். அந்த வரி காலியாக இருந்தால் மருத்துவர் கண்ணில் படும், வீட்டார் கண்ணிலும் படும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நிரப்ப வேண்டிய வரி அது. வீட்டார் இல்லாமல் காப்பகங்களில் இருப்பவர்களுக்கும் இதே சீட்டு வேண்டும். அவர்களுக்காகக் கேட்க வேறு யாரும் இல்லை.

கூட வருகிறவரைப் பற்றி அதிகாரிகள் யோசிப்பதே இல்லை. கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம், நல்லது. ஆனால் அக்காவைக் கூட்டி வரும் தம்பி டிக்கெட் எடுக்க வேண்டும், அன்றைய ஆட்டோ வருமானமும் போகும். மாத்திரைக்கு ஒரு நாள், சோதனைக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் என்று அலைய விட்டால் எந்தத் தம்பியால் முடியும்? பிரசவத்துக்குக் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆஷாவுக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். அதனால் எத்தனை தாய்மார்கள் பிழைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மனநோய் உள்ளவரைச் சோதனைக்கும், சோதனையில் சந்தேகம் வந்தால் அடுத்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போக அதே போல நேரமும் தொகையும் ஒதுக்குங்கள். ஏற்கெனவே எங்கள் தலையில் நிறைய வேலை இருக்கிறது. காசில்லாமல் இன்னொன்றை ஏற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இது யாரிடமும் சலுகையாகக் கேட்பதும் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, எல்லா மருத்துவ சேவைகளிலும் மனநோய் உள்ளவர்களை உடல்நோய் உள்ளவர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பிரிவை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால்கூட, வாசலில் நின்று "உள்ளே இருக்கிறவங்களையும் நான் பார்க்கணுங்க" என்று கேட்க எங்களுக்கு வாய் வரும்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அதிகாரியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மாதத்தின் முதல் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல், டோக்கன் இல்லாமல், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று ஒதுக்கித் தந்திருக்கிறார். பெண் நர்ஸ் இருப்பார், நானும் இருப்பேன். ஆண்களுக்கு வாய்ச் சோதனையும் உண்டு. எங்கள் பகுதியில் இருக்கும் வாசகர்கள், வீட்டில் மனநல மருந்து சாப்பிடுபவர் இருந்தால் கூட்டி வாருங்கள். பகல் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாக வரலாம். ஆதார் அட்டையும் இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் கொண்டு வாருங்கள். வாசலில் என்ன நோய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மற்ற வார்டுகளில் இருப்பவர்கள் உங்கள் பகுதி ஆஷாவிடம் இதே மாதிரி ஒரு மதியம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆஷா பணியாளர்,
நீலசந்திரா, பெங்களூரு.